துளசிக் கறி

1

நோங் சாங் கிராமம், ராஜபுரி மாவட்டம்
புத்த ஆண்டு 2529, ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சி சாய்புவாவுக்கு அக்கா சம்னியன் எழுதுவது.

சொங்கிரான் புத்தாண்டன்று உன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்: நான், உன் அத்தான் தோங்சுக், என் மகள் வன்னா, உன் வீட்டுக்காரர் விரொட், அவருடைய அம்மா. ஐந்து பேர். நீ பரிமாறினாய், உட்காரவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் என் புண்ணியக் கணக்கு நோட்டில் இதை எழுதினேன். அன்று காலை நம் அம்மா பேரில் பிக்குகளுக்கு நாம் கொடுத்த அன்னதானத்தில் யார் யாருக்குப் பங்கு என்று பின்னால் குழப்பம் வரக் கூடாது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாயா? இங்கே எல்லோரும் நலம்.

கேட்க மறந்துவிட்டேன். துளசி போட்டுக் காரமாகப் புரட்டிய ஒரு கறி வைத்தாயே, அது என்ன கறி? கோழி இல்லை, தவளையும் இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டேன் என்று உன் அத்தான் இன்னும் கேலி செய்கிறார். செய்முறை எழுதி அனுப்பு.

பாங்காக்கின் நாற்றத்தைக் குறை சொன்னேன் அல்லவா, அதற்குத் தண்டனை மாதிரி வீட்டுக்கு வந்ததும் மழைத்தண்ணீர் ஜாடியைத் திறந்தேன். மூடி விலகிக் கிடந்தது. உள்ளே அரிசி அரிசியாக வௌவால் புழுக்கை மிதக்கிறது. ஓட்டிலும் புழுக்கை, காயப்போட்ட வெள்ளைச் சேலையிலும் புழுக்கை. குகைமலை நம் கிராமத்துக்குப் பக்கத்தில் ஏன் முளைத்ததோ தெரியவில்லை. ஆனால் ஒரு நல்ல சேதி, இரண்டு வருடமாக அந்தச் சனியன்களின் கூட்டம் குறைந்துகொண்டே வருகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் குகையிலிருந்து கறுப்பு நாடா மாதிரி வெளியே வந்து முடிவதற்குள் நான் ஜெபமாலையை நாலு சுற்று உருட்டி முடிப்பேன். இப்போது மூன்று சுற்றுக்குள் வானம் காலி.

அதே இரண்டு வருடமாகத்தான் வயலில் புகையான் விழுகிறது. எள்ளளவு பூச்சி, முதுகில் வெள்ளைக் கோடு. தூரின் அடியில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சி, பயிரை நெருப்பு வைத்தது மாதிரி ஆக்கிவிடுகிறது. இரண்டு மகசூல் போயிற்று. இந்த வருடமும் போனால் பன்னிரண்டு ராய் வயலையும் விற்றுவிட்டுப் பாங்காக்கில் லாரி ஓட்டப் போகிறேன் என்று உன் அத்தான் விரத நாளில், புத்தர் முன்னால் சொல்லிவிட்டார். அது அப்பா வெட்டித் திருத்திய வயல். எனக்கு வேறு வேலை தெரியாது. வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

2

பாங்காக், மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமா? முழங்கால் பரவாயில்லை. எண்ணெய் நாற்றத்துக்கு வாடிக்கைக்காரர்கள் எழுந்து போகிறார்கள் என்று விரொட் முணுமுணுக்கிறார்.

செய்முறை கேட்டாய். பச்சைமிளகாய், பூண்டு, எலுமிச்சைப்புல், சித்தரத்தை, எல்லாம் இடித்துக்கொள். எண்ணெய் புகையும்போது போட்டு, கறியை எலும்போடு பொடியாகக் கொத்திச் சேர். மீன் சாறு இரண்டு கரண்டி. கடைசியில் துளசி கை நிறைய. துளசி குறைந்தால் வாடை தெரியும்.

கறி காட்டுக்கறி. விரொட்தான் ஏற்பாடு செய்வார். நீ கோழியில் செய்து பார், அதுவும் நன்றாக இருக்கும்.

ஜாடி மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வை. அத்தான் வயலை விற்க மாட்டார், சும்மா சொல்கிறார்.

சாய்புவா

3

நோங் சாங், மே 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வன்னாவுக்கு மட்டும் சளி.

கோழியில் செய்தேன். அந்த ருசி வரவில்லை. போகட்டும்.

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு அப்புறம் படி. ஜாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது, கொட்ட மனம் வரவில்லை. செடிக்காவது ஊற்றலாம் என்று பழைய வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். புழுக்கை கரைந்து துணியில் படிந்தது. வெயிலில் காய்ந்ததும் பார்க்கிறேன், துணி மினுமினுக்கிறது, ஜரிகைப் புடவை மாதிரி. சுருட்டிக் குப்பையில் எறியப் போனேன். ஆனால் எதனால் மினுங்குகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. உன் அத்தான் புத்தர் பதக்கம் பார்க்கும் பூதக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. எடுத்துவந்து, மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

எல்லாம் இறக்கை. இறக்கைத் துணுக்குகள், கால்கள், அறுந்த தலைகள். கண்ணாடிக் காகிதம் மாதிரி இறக்கை, ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு வருடமாக அந்தப் புள்ளியை நெல் தூரில் பார்த்துப் பார்த்து அழுதவள் நான், எனக்குத் தெரியாதா? சந்தேகம் தீர வயலுக்குப் போய், தானாக முளைத்த நெல் தூரில் ஒரு புகையானைப் பிடித்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே இறக்கை, அதே புள்ளி.

அப்போது உன் அத்தான் வந்துவிட்டார்.

"அடியே, அது புத்தர் முகம் பாக்குற கண்ணாடி. அதுல போயி பீயைப் பாக்குறியே."

"புத்தர் முகத்தைப் பாத்து நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீங்க? மூணு வாட்டி போலிப் பதக்கம் வாங்கினதுதான் மிச்சம். இதைப் பாருங்க."

பார்த்தார். வயலில் பிடித்த பூச்சியையும் பார்த்தார். அப்புறம், "இதுங்க நம்ம வயக்காட்டுக்கு மேலதான் மேயுதா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே துணியைத் தொட்ட விரலை என் பாவாடையில் துடைத்தார். அதற்குத் தனியாகச் சண்டை.

நோட்டில் புதுப் பக்கம் போட்டிருக்கிறேன். ஒரு தேக்கரண்டி புழுக்கையில் புள்ளி போட்ட இறக்கைத் துணுக்கு நூற்று நாற்பது. வௌவாலைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் குமட்டத்தான் செய்கிறது. ஆனால் நம் வயலுக்குக் கூலி வாங்காத காவல்காரர்கள் அவைதான். கூட்டம் குறைகிறது என்று சந்தோஷப்பட்டு உனக்கு எழுதினேனே, அந்த வரியை நீ அடித்துவிடு.

அக்கா

4

பாங்காக், ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வன்னாவுக்குச் சளி விட்டதா? நான் சாப்பாட்டு வேளையில்தான் பிரித்தேன். நீ சொல்லியும் கேட்கவில்லை. அன்று முழுக்கப் பட்டினி.

ஒன்று கேட்கிறேன். எல்லா வௌவாலும் பூச்சிதான் தின்னுமா? பழம் தின்னும் பெரிய வௌவால்களும் இருக்கின்றனவே. ஒருவேளை ஜாடியில் விழுந்தது மட்டும் அப்படியோ என்னவோ. குகைமலையில் இருப்பது எந்த ரகம் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?

சும்மாதான் கேட்டேன். கடையில் கூட்டம். இத்தோடு முடிக்கிறேன்.

சாய்புவா

5

நோங் சாங், ஜூலை 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? மழைக்கால விரதம் தொடங்கிவிட்டது. நாற்று நட்டு முடித்தோம். நட்ட பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கிறது, கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: குகையில் இருப்பது எல்லாம் கட்டைவிரல் அளவு, எலிவால் வைத்தது. பூச்சியைத் தவிர வேறு எதுவும் தின்னாது. குகையிலிருந்து அள்ளி விகாரையில் குவித்திருக்கும் புழுக்கை உரத்தில் நாலு இடத்தில் அள்ளிக் கழுவிப் பார்த்தேன். பழவிதை ஒன்றுகூட இல்லை.

உனக்கும் புண்ணியம் கிடைக்கும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். சனிக்கிழமைச் சந்தையில் பியாக் என்று ஒருவன் சாக்கை வைத்து உட்கார்ந்திருந்தான். சாக்கு தானாக நெளிகிறது. உள்ளே வௌவால், உயிரோடு. மூத்திர நாற்றம் பத்தடிக்கு வீசுகிறது.

"கறிக்கா அக்கா, மருந்துக்கா?" என்றான்.

"விடுறதுக்கு."

"விடுறதுக்கா? மீனு விடுவாங்க, ஆமை விடுவாங்க, குருவி விடுவாங்க. இதை விட்டா புண்ணியம் ஒட்டுமா?"

"உயிர்தானேடா."

"உயிர்தான். ஆனா கடிக்கும், பாத்துக்க."

ஒரு கூடை வாத்து முட்டையைக் கொடுத்துச் சாக்கை வாங்கினேன். குகை வாசலில் அவிழ்த்துவிட்டு, முறைப்படி நீர் வார்த்துப் புண்ணியத்தில் சரி பாதியை உன் பெயருக்குக் கொடுத்தேன். தொண்ணூற்றாறில் எண்பத்தைந்து பறந்தன. நோட்டில் உன் பெயரும் இருக்கிறது.

இந்த அசிங்கத்தை ஆசையாகத் தின்கிறவர்கள் இருக்கிறார்களாம், பாங்காக்கில். அவர்கள் வாய் என்ன வாயோ.

அக்கா

6

பாங்காக், ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நலம். ஒரே ஒரு விஷயம். வௌவாலை வாங்கி விடாதே. என் பெயருக்குப் புண்ணியமும் வார்க்காதே. ஏன் என்று கேட்காதே.

சாய்புவா

7

நோங் சாங், செப்டம்பர் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முழங்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வன்னா பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கொடுக்கும் புண்ணியம் உனக்கு அவ்வளவு கசக்கிறதா? அக்கா கிராமத்தில் சாணி அள்ளுகிறவள் என்பதாலா?

கோபத்தில் இன்னும் மூன்று சாக்கு வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு சாக்கின் அடியிலும் செத்தது கிடக்கிறது. மேலே இருப்பது கீழே இருப்பதை மிதித்துக் கொன்றுவிடுகிறது. இறக்கை கிழிந்து, பழைய குடைத்துணி மாதிரி பிசுபிசுத்து, எறும்பு மொய்த்து. கடைசிச் சாக்கில் ஒரு தாய், மாரைக் கவ்விய குட்டியோடு ஒட்டிச் செத்திருந்தது. வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு நாள் கையை எலுமிச்சை போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. நாலு சாக்கில் வந்தது நானூற்றுப் பதினெட்டு, பறந்தது முந்நூற்றைம்பத்தைந்து, செத்தது அறுபத்து மூன்று.

பியாக் இப்போது என்னைப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். "உன் புண்ணியத்துல மூணு வலை கட்டிட்டேன்க்கா. முன்ன ஒண்ணுதான். பாங்காக் கடைக்காரரும் கேக்குறாரு, நீயும் கேக்குற. யாரு அதிகம் குடுக்குறீங்களோ அவங்களுக்கு" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். என் வாத்து முட்டையால் வலை முளைத்திருக்கிறது. அன்றே நிறுத்திவிட்டேன். அவன் நிறுத்தவில்லை.

நேற்றுச் சாயங்காலம் எண்ணினேன். ஜெபமாலை ஒன்றரைச் சுற்றுக்குள் வானம் காலி. தெற்கு வரப்பு ஓரம் நாலு தூரில் புகையான். பதில் போடு.

அக்கா

8

நோங் சாங், அக்டோபர் 12

சாய்புவாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று உன் அத்தான் கேட்கிறார். உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

ஏழு ராய் கருகிவிட்டது. தெற்கிலிருந்து வட்டம் வட்டமாகப் பரவி வந்தது. தூரைத் தட்டினால் தவிடு மாதிரிக் கொட்டுகிறது. காலில் ஏறுகிறது, பாவாடைக்குள் ஏறுகிறது, சோற்றில் விழுகிறது. உன் அத்தான் வரப்பில் உட்கார்ந்து நிலம் வாங்குகிற ஆளோடு பேசிக்கொண்டிருந்ததை இன்றைக்குப் பார்த்தேன்.

போன வாரம் பேருந்து நிற்கும் இடத்தில் பியாக்கைப் பார்த்தேன். பாங்காக் பேருந்தின் கூரையில் நீல ஐஸ் பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தான். பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுத்து. அந்த எழுத்தை எனக்குத் தெரியும். நீ கடை திறந்தபோது, "உன் கையெழுத்துத்தான் அழகு, நீதான் எழுதணும்" என்று தூரிகையை என் கையில் கொடுத்தாய். உன் பெயரின் கடைசி எழுத்துக்கு வாலை நீளமாக இழுப்பேன். அந்த வால் அப்படியே இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன என்று பியாக்கிடம் நான் கேட்கவில்லை. பெட்டியின் மூலையிலிருந்து வடிந்த தண்ணீர் என் காலில் சொட்டியது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.

சம்னியன்

9

பாங்காக், நவம்பர் 10

அக்காவுக்கு,

எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

ஆமாம். இரண்டு வருடமாக. முதலில் விரொட் ஒரு சாக்கு கொண்டுவந்து, "குடிக்கிறவங்க கேக்குறாங்க, உடம்புக்குச் சூடுன்னு நம்புறாங்க" என்றார். பலகையில் மலைப்பறவை என்று எழுதினோம். அதற்கு வரிசையில் நின்றார்கள். தோல் உரிக்கிறவள் நான்தான் அக்கா. கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் எழும் ஆவி இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன். துளசி கை நிறைய என்று உனக்கு எழுதினேன். இங்கே கூடை கூடையாகப் போடுகிறோம், அந்த வாடைக்குத்தான். விகாரைக்குப் போனாலும் துளசி மணத்தோடுதான் போக வேண்டியிருந்தது, அதனால் போவதையே விட்டுவிட்டேன்.

உன் நோட்டில் ஐந்து பேர் சாப்பிட்டதாக எழுதினாய், நான் உட்காரவில்லை என்றும் எழுதினாய். அது ஏன் என்று ஒரு நாள் உனக்குப் புரியும் என்று தெரியும். விரொட் அந்தக் கறியை எடுத்து உன் தட்டில் போட்டபோது தடுத்திருக்கலாம். அவர் அம்மா பக்கத்தில் இருந்தார். நீ வழித்துச் சாப்பிட்டாய். நான் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அந்த வௌவால் எங்கே பிடித்தது என்று நான் கேட்டதே இல்லை. உன் துணியில் மினுங்கியது என்று எழுதினாயே, அன்றைக்கு விரொட்டிடம் கேட்டேன். "உங்க அக்கா ஊரு மலைதான். ஏன், வேற எங்க கெடைக்கும்?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. அப்புறம்தான் உனக்குப் பழந்தின்னியா என்று எழுதினேன். நீ இல்லை என்று சொன்னாய்.

விடாதே என்று ஏன் சொன்னேன் தெரியுமா? கிராமத்தில் ஒரு பைத்தியக்காரப் பொம்பளை வாத்து முட்டைக்கு வாங்குகிறாள் என்று பியாக் சொல்லி, விரொட் அவளுக்கு மேலே விலை கொடுத்தார். அந்தப் பொம்பளை நீதான் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் அந்த மலையை ஏலம் எடுத்திருக்கிறோம் அக்கா.

பலகையில் அந்தப் பெயரைத் தார் பூசி அழித்துவிட்டேன். ஐஸ் பெட்டியை வாய்க்காலில் போட்டேன். விரொட் மூன்று நாளாகப் பேசவில்லை. "நீ நிறுத்துனா பக்கத்துக் கடைக்காரன் வாங்குவான், அவ்வளவுதான்" என்பதுதான் கடைசியாகப் பேசியது.

அத்தானிடம் சொல்லிவிட்டாயா? வயல் என்ன ஆயிற்று?

சாய்புவா

10

நோங் சாங், நவம்பர் 24

அன்புள்ள தங்கச்சி சாய்புவாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நாக்கை உப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்துவிட்டது. சாப்பிட்டது என்ன என்பதைவிட, அந்த ருசி இன்னும் நினைவிருப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நான் உனக்கு எழுதினேனே, கோழியில் செய்தேன், அந்த ருசி வரவில்லை என்று. அந்த வரியை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. என் பயிரைத் தின்றது புகையான், புகையானைத் தின்றது வௌவால், அதை நான் தின்றேன், மறு சோறும் கேட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். வாரத்தில் இரண்டு விரதம் இருக்கிறவள் பொய் எழுதக் கூடாது.

உன் அத்தானிடம் சொன்னேன். "நானும்தான் மூணு தட்டு தின்னேன்" என்றார். அப்புறம் போய் வாயைக் கொப்பளித்தார். வன்னாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

விகாரையில் பிக்குகளுக்குத் துவராடை தானம் நடந்த அன்று, ஊர் மொத்தமும் கூடியிருந்தபோது, அந்த வெள்ளைத் துணியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனேன். கருகிய தூரையும் பக்கத்தில் வைத்தேன். பெரிய பிக்கு முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குனிந்தார். அப்புறம் ஆம்பளைகள் வரிசையில் நின்றார்கள், பதக்கம் பார்க்க நிற்கிற மாதிரி. "நம்ம எதிரியோட பிணம்டா இது அத்தனையும்" என்று உன் அத்தான்தான் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னார், என்னவோ அவரே கண்டுபிடித்த மாதிரி. அன்று சாயங்காலமே பதினெட்டுப் பேர் மலையேறி மூன்று வலையையும் அறுத்தார்கள். இனி குகை வாசலில் விகாரையின் காவல். காவலுக்கு யாரைப் போட்டார்கள் தெரியுமா? பியாக்கை. ஒவ்வொரு பொந்தும் அவனுக்குத்தான் தெரியுமாம். என்னைப் பார்த்து, "வாத்து முட்டை உண்டா அக்கா?" என்றான். நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கொடுப்பேன்.

பக்கத்துக் கடைக்காரன் வாங்குவான் என்று விரொட் சொன்னால், வாங்குவதற்கு இங்கே வலை இல்லை என்று சொல்.

ஐந்து ராய் அறுத்தோம். நிலம் வாங்குகிற ஆளிடம் அடுத்த அறுப்பு வரைக்கும் பொறு என்று உன் அத்தான் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் அவர் பொறுக்க மாட்டார். நேற்று எண்ணினேன், இன்னும் ஒன்றரைச் சுற்றுதான். ஒரு தாய்க்கு வருடத்துக்கு ஒரு குட்டியாம். அவை பெருகுவதற்குள் நம் வயல் இருக்குமா என்று புத்தருக்குத்தான் தெரியும்.

இப்போது கணக்கு. நோட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம் போட்டிருக்கிறேன். என் பக்கம் நிரம்பிவிட்டது: பறந்தவை முந்நூற்றைம்பத்தைந்து, என்னால் செத்தவை அறுபத்து மூன்று, நான் தின்ற தட்டு ஒன்று. உன் பக்கத்தில் உன் பெயரை எழுதி, கீழே காலியாக விட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் எத்தனை சாக்கு, எத்தனை உயிர், உத்தேசமாக எழுது, ஆனால் குறைத்து எழுதாதே. அத்தனைக்கும் சேர்த்து நீர் வார்க்க வேண்டும். கதிரடிப்பு முடிந்த பிறகு நீயே வா, குகை வாசலில் இரண்டு பேரும் ஒரே செம்பைப் பிடித்து வார்க்கலாம். விரொட் வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

ஒரு தட்டுக்கு எத்தனை உயிர் என்பதை மட்டும் முதலில் தனியாக எழுது. என் பக்கத்தில் அந்த ஒரு இடம்தான் எண் இல்லாமல் கிடக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
அக்கா சம்னியன்